பின்புறம் கொட்டிய கசடு

2023-ஆம் ஆண்டு கோடையில் நானும் என் மனைவியும் அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். பகலில் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்கும் பேத்தி பள்ளிக்கும் போய்விடுவார்கள். எங்களுக்குத் துணை தொலைக்காட்சிப் பெட்டிதான். அதில் ஒரு விளம்பரம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. "1953 முதல் 1987 வரை கேம்ப் லஜூன் ராணுவ முகாமில் குடியிருந்தவரா நீங்கள்? உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ புற்றுநோய் வந்ததா? எங்கள் வக்கீல்களைக் கூப்பிடுங்கள்" என்ற பொருளில் ஒரு குரல் பேசும். நாளுக்கு இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது மாப்பிள்ளையிடம் கேட்டேன். "அதுவா மாமா, இங்கேயிருந்து காரில் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ஜாக்சன்வில் என்று ஓர் ஊர். அங்கே கடற்படை வீரர்களின் முகாம். குடிதண்ணீர் கெட்டுப்போய்விட்டது. ஒரு பக்கம் முகாமுக்குள்ளேயே இருந்த எண்ணெய்த் தொட்டிகள், பட்டறைக் கழிவுகள். இன்னொரு பக்கம் முகாமுக்கு வெளியே இருந்த ஒரு சின்ன டிரைகிளீனிங் கடை" என்றார்.

டிரைகிளீனிங் கடை என்று அவர் சொன்னதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. என் மனைவிக்குக்கூட அதுவரை நான் சொன்னதில்லை.

பம்பாயில் என் ஏழு வருடம்

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1969-இல், பதினேழு வயதில், ஒரு தகரப் பெட்டியோடு தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். அன்று அது பம்பாய். ஊர்க்காரர் ஒருவர் ஒரு லாண்டரியில் சேர்த்துவிட்டார். தெருவைப் பார்த்து முன்பக்கம் கடை. பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மெஷின். 1976 வரை அங்கே வேலை பார்த்தேன். பிறகு வேறு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்துப் போய்விட்டேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். முதலாளி நல்ல மனிதர். தீபாவளிக்குத் தவறாமல் வேட்டி, சட்டை எடுத்துக் கொடுத்தவர்.

'டிரை' என்ற சொல்லைக் கேட்டுப் பலர் அங்கே ஈரமே இல்லாமல் துணி வெளுக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தண்ணீருக்குப் பதிலாக வேறு ஒரு திரவத்தில் துணியை அலசுகிறார்கள். கம்பளித் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும். பட்டில் சாயம் இறங்கும். இந்தத் திரவம் நூலைத் தொடாது, எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் கரைத்து எடுத்துவிடும். எங்கள் கடையில் அதற்கு 'பெர்க்' என்று பெயர். முழுப்பெயர் பெர்க்ளோரோஎதிலீன். டெட்ராகுளோரோஎதிலீன் என்றும் சொல்வார்கள். பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். லேசான இனிப்பு வாசனை. தீப்பிடிக்காது என்பதால் பெட்ரோல் வகைகளை விட்டுவிட்டு உலகம் முழுவதும் சலவைக்காரர்கள் இதற்கு மாறினார்கள்.

விலை அதிகம் என்பதால் ஒரு முறை அலசியதைக் கொட்டிவிட மாட்டோம். மெஷினோடு சேர்ந்த ஒரு கொதிகலத்தில் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துத் திரும்பப் பிடிப்போம். சாராயம் காய்ச்சுவது போலத்தான். கடைசியில் கலத்தின் அடியில் கறுப்பாக, கூழ் மாதிரி ஒரு கசடு நிற்கும். அழுக்கும் எண்ணெயும் கொஞ்சம் பெர்க்கும் சேர்ந்தது அது. வாரத்துக்கு ஒரு தடவை அதைச் சுரண்டி எடுப்பது கடைசியாக வந்த பையனின் வேலை. முதல் மூன்று வருடம் அந்தப் பையன் நான்தான்.

"எங்கே போட அண்ணாச்சி?" என்று முதல் நாள் கேட்டேன். மெஷின் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்காமல், "பின்னால கொட்டுடா" என்றார். பின்னால், கக்கூஸ் சுவருக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம். அங்கேதான் எனக்கு முன் இருந்தவரும் கொட்டினார். எனக்குப் பின் வந்தவரும் கொட்டினார். மண் உடனே குடித்துவிடும். மறுநாள் பார்த்தால் மேலே கொஞ்சம் கறுப்புப் படலம் மட்டும் இருக்கும். சுரண்டும்போது தலை சுற்றும், கண் எரியும். வெளியே வந்து ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும். அதற்கு மேல் நாங்கள் யோசித்ததில்லை. எங்களை யோசிக்கச் சொன்னவர்களும் இல்லை.

மண் குடித்தது எங்கே போனது?

மகள் வீட்டில் இருந்த மூன்று மாதமும், பேத்தியைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் இதைப் பற்றித்தான் படித்தேன். புரியாததை மாப்பிள்ளை விளக்கினார்.

எண்ணெயைத் தண்ணீரில் விட்டால் மிதக்கும். பெர்க் அப்படியல்ல. தண்ணீரைப் போல் ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமான எடை உள்ளது. அதனால் மண் வழியாக இறங்கி, நிலத்தடி நீர் மட்டத்தைத் தொட்டாலும் அங்கே நிற்காது. நீருக்குள்ளும் இறங்கிக்கொண்டே போகும். ஏதாவது களிமண் படுகையோ பாறையோ தடுத்தால் அதன் மேல் குட்டை குட்டையாகத் தங்கும். தண்ணீரில் மிகக் கொஞ்சமாகத்தான் கரையும். அந்தக் கொஞ்சம்தான் ஆபத்து. மேலே ஓடுகிற நிலத்தடி நீர் அந்தக் குட்டையைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு நாளும் சிறிது கரைத்து எடுத்துப்போகும். வருடக்கணக்கில் இப்படி நடக்கும்.

அமெரிக்காவில் குடிநீரில் இதற்கு அனுமதித்த அளவு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். ஒரு நாள் உட்கார்ந்து பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு லிட்டர் பெர்க் முழுவதுமாகக் கரைந்தால், சுமார் 32 கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். நான் கொட்டிய கசடில் மொத்தம் எத்தனை லிட்டர் இருந்திருக்கும் என்ற கணக்கைப் போட எனக்குத் துணிவு வரவில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் வைத்திருக்கிறது. நீண்ட காலம் சுவாசித்தால் நரம்பு மண்டலத்தையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். மண்ணுக்குள் காற்று இல்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் இதைப் படிப்படியாகச் சிதைக்கும்போது நடுவில் வினைல் குளோரைடு என்ற வேறொரு பொருள் உண்டாகிறது. அது சந்தேகமே இல்லாமல் புற்றுநோய் உண்டாக்குவது. இது தவிர, பூமிக்குள்ளிருந்து ஆவியாக மேலே வந்து வீட்டுத் தரையின் விரிசல் வழியாக உள்ளே நுழைவதும் உண்டு. தண்ணீரே குடிக்காதவரையும் அது விடுவதில்லை.

ஜாக்சன்வில்லில் நடந்தது

இனி அந்தக் கடையின் கதை. பெயர் ஏ.பி.சி. ஒன் அவர் கிளீனர்ஸ். ஜாக்சன்வில்லில் லஜூன் பெருஞ்சாலை ஓரத்தில் சிறிய இடம். ராணுவச் சீருடைகளை வெளுத்துக் கொடுத்துப் பிழைத்த கடை. மாதத்துக்கு இரண்டு மூன்று பீப்பாய் பெர்க் செலவாகியிருக்கிறது. மெஷினிலிருந்து வடிந்த கழிவுநீர் செப்டிக் டேங்கில் போய் மண்ணில் இறங்கியது. காய்ச்சிய கலத்தின் அடிக்கசடைக் கடைக்குப் பக்கத்துச் சந்தில் குண்டு குழிகளை நிரப்பப் போட்டார்கள். இதைப் படித்தபோது மெஷின் முன்னால் நின்ற அண்ணாச்சியின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கடல் கடந்த ஊரிலும் இதே வேலைதான் நடந்திருக்கிறது.

பெருஞ்சாலைக்கு அந்தப் பக்கம் டராவா டெரஸ் என்ற குடியிருப்பு. வீரர்களின் மனைவி, மக்கள் வசித்த வீடுகள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த ஆழ்கிணறுகளில் ஒன்று கடையிலிருந்து ஆயிரம் அடிக்கும் குறைந்த தூரத்தில் இருந்தது. கிணற்று மோட்டார் ஓட ஓட, பூமிக்குள் இருந்த நீர் அதை நோக்கி நகர்ந்தது. நீரோடு பெர்க்கும் போனது.

1982-இல் தண்ணீரை வேறு ஒரு காரணத்துக்காகச் சோதித்த ஓர் ஆய்வுக்கூடம், இதில் கரைப்பான் கலந்திருக்கிறது என்று எச்சரித்தது. ஆனால் மாசு பட்ட கிணறுகளை மூடியது 1985 பிப்ரவரியில்தான். பெர்க்குக்கு அப்போது சட்டப்படி ஒரு வரம்பு அங்கே வகுக்கப்படவில்லை. நடுவில் போன வருடங்களில் குழந்தைகள் பிறந்தார்கள், அதே தண்ணீரில் பால்பொடி கரைத்துக் குடித்தார்கள். 1985-இல் அந்தக் குழாய்நீரில் அளந்தபோது லிட்டருக்கு 215 மைக்ரோகிராம் வரை இருந்தது. பிற்பாடு வந்த வரம்பைப் போல் நாற்பத்து மூன்று மடங்கு.

ஜெரி என்ஸ்மிங்கர் என்ற கடற்படைச் சார்ஜெண்ட் அங்கே குடியிருந்தவர். அவருடைய மகள் ஜேனி ஆறு வயதில் ரத்தப் புற்றுநோயில் விழுந்து 1985-இல் ஒன்பது வயதில் இறந்துபோனாள். ஏன் என்று தகப்பனுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து, 1997-இல் ஒரு மாலை, சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சிச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் முகாமின் தண்ணீர் கெட்டிருந்தது என்பதையே கேள்விப்பட்டார். அன்று தொடங்கிய அவருடைய போராட்டத்தின் பலன், 2012-இல் முகாமில் வாழ்ந்த குடும்பங்களின் வைத்தியத்துக்கு வழிசெய்த சட்டம். அதற்கு ஜேனியின் பெயரையே வைத்தார்கள். 2022-இல் நீதிமன்றம் போக உரிமை கொடுத்த இன்னொரு சட்டம் வந்தது. நான் பார்த்த விளம்பரங்கள் அதன் விளைவு. ஒரு குறிப்பிட்ட குழந்தையின் நோய்க்கு இந்தத் தண்ணீர்தான் காரணம் என்று ஒரு வைத்தியராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முகாமில் வாழ்ந்தவர்களை, மாசில்லாத வேறொரு முகாமில் வாழ்ந்தவர்களோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில் சிலவகைப் புற்றுநோய்கள் கூடுதலாகவே தெரிந்தன.

அரசாங்கம் எப்படிச் சுத்தம் செய்கிறது?

நயாகரா அருவிக்குப் பக்கத்தில் லவ் கனால் என்ற இடத்தில் ரசாயனக் குப்பைமேட்டின் மேல் கட்டிய வீடுகளில் 1978-இல் பெரிய கலவரம் ஆனது. அதன் பிறகு 1980-இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. 'சூப்பர்ஃபண்ட்' என்று பேச்சு வழக்கில் சொல்கிறார்கள். அதன் அடிப்படை எளிது: கெடுத்தவன் செலவு செய்யவேண்டும். கெடுத்தபோது அது சட்டவிரோதம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. கெடுத்தவனைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ, அவனிடம் பணம் இல்லாவிட்டாலோ, அரசாங்க நிதியிலிருந்து வேலை நடக்கும். ஏ.பி.சி. கடை இருந்த இடம் 1989-இல் அந்தச் சட்டத்தின் தேசிய முன்னுரிமைப் பட்டியலில் ஏறியது. பெரிய பெரிய ரசாயன ஆலைகளின் நடுவே ஒரு லாண்டரி!

பட்டியலில் ஏறியவுடன் மண்ணை வெட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. முதலில் ஆராய்ச்சி. பல இடங்களில் துளைபோட்டு மண்ணையும் நீரையும் எடுத்து, மாசு எவ்வளவு ஆழம், எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்று வரைபடம் போடுகிறார்கள். பிறகு என்னென்ன வழிகள், எதற்கு என்ன செலவு என்று ஒப்பிட்டு, ஒரு யோசனையை ஊர்மக்கள் முன் வைக்கிறார்கள். கூட்டம் போட்டு அவர்களுடைய ஆட்சேபங்களை எழுதி வாங்கி, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதவேண்டும். அதன்பின்தான் தீர்மானம். ஜாக்சன்வில்லில் நிலத்தடி நீருக்கு 1993-இலும் மண்ணுக்கு 1994-இலும் தீர்மானம் ஆனது.

இதில் பயன்படும் முறைகளில் முக்கியமான மூன்றைச் சொல்கிறேன். முதலாவது, மண்ணை உறிஞ்சுவது. நீர்மட்டத்துக்கு மேலே உள்ள மண்ணில் துளைகள் போட்ட குழாய்களை இறக்கி, மேலேயிருந்து விசையோடு காற்றை இழுக்கிறார்கள். பெர்க் சுலபமாக ஆவியாகும் பொருள் என்பதால் காற்றோடு வந்துவிடும். அந்தக் காற்றைக் கரித்தூள் வழியாகச் செலுத்தினால் பெர்க் கரியில் தங்கிவிடும்.

இரண்டாவது, நீரை இறைத்துச் சுத்தம் செய்வது. கிணறு வெட்டி மாசு நீரை மேலே எடுத்து, ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழச்செய்து, கீழேயிருந்து காற்றை ஊதுகிறார்கள். காற்று பெர்க்கைப் பிரித்துக்கொண்டு போகிறது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் களிமண்ணுக்குள் புகுந்த பெர்க் லேசில் வெளியே வராது. பல வருடம் இறைத்து, அளவு குறைந்துவிட்டது என்று மோட்டாரை நிறுத்தினால், சில மாதத்தில் மறுபடி ஏறும்.

மூன்றாவது, பூமிக்கே சாப்பாடு போடுவது. வெல்லப்பாகு, தாவர எண்ணெய் போன்றவற்றைத் துளை வழியாக உள்ளே செலுத்துகிறார்கள். அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் பெர்க்கில் உள்ள குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றிப்போடுகின்றன. நடுவில் வினைல் குளோரைடில் நின்றுவிடாமல் கடைசிவரை போகிறதா என்று கண்காணித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மறுபரிசீலனை உண்டு. ஏ.பி.சி. இடம் பட்டியலில் ஏறி முப்பது வருடம் கழிந்தும், 2020-களிலும் அங்கே வேலை முடியவில்லை. ஒரு குடும்பம் நடத்திய சின்னக் கடையின் கழிவு, ஒரு தலைமுறைக்கு மேல் அரசாங்கத்தின் வேலையாகிவிட்டது.

இது போன்ற சின்னக் கடைகள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் இருந்ததால் மாநிலங்களும் தனிச்சட்டம் போட்டன. ஃபுளோரிடா 1994-இலும் வட கரோலினா 1997-இலும் டிரைகிளீனிங் இடங்களுக்கென்றே நிதி ஏற்படுத்தின. கரைப்பான் வாங்கும்போதே அதற்கென்று ஒரு வரி. பணம் அதிலிருந்து சேர்கிறது. கடைக்காரரை நடுத்தெருவில் நிறுத்தாமல் இடத்தைச் சுத்தம் செய்யும் ஏற்பாடு இது. கலிபோர்னியா 2023-இலிருந்து டிரைகிளீனிங்கில் பெர்க்கையே நிறுத்திவிட்டது. 2024 டிசம்பரில் அமெரிக்க மத்திய அரசும், பத்து வருடத்துக்குள் டிரைகிளீனிங்கில் இதைப் படிப்படியாகக் கைவிடவேண்டும் என்று விதி வெளியிட்டது.

ஒரு வாக்குமூலம்

படித்தவற்றிலேயே என்னை மிகவும் பாதித்தது வேறு ஒரு விஷயம். எந்த வருடத்திலிருந்து எத்தனை பேர் கெட்ட தண்ணீரைக் குடித்தார்கள் என்று கணக்கிட அமெரிக்க அரசாங்க விஞ்ஞானிகள் பல வருடம் உழைத்தார்கள். பழைய காலத்துத் தண்ணீரை இப்போது போய் அளக்க முடியாதே! கம்ப்யூட்டரில் பூமியின் அடுக்குகளையும் கிணறுகளையும் மாதிரி செய்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். அதற்கு ஒரு தொடக்கம் வேண்டும். கடை எந்த வருடம் பெர்க்கைப் பயன்படுத்தத் தொடங்கியது?

அதைச் சொன்னவர் கடைக்காரர். 2001-இல் பிரமாண வாக்குமூலத்தில், 1953-இலிருந்தே பெர்க்தான் என்று அவர் சொன்னார். அந்த ஒரு தகவலை வைத்து 2007-இல் விஞ்ஞானிகளால் முடிவு சொல்ல முடிந்தது: 1957 நவம்பர் தொடங்கி 346 மாதங்கள் டராவா டெரஸ் தண்ணீர் வரம்புக்கு மேல் கெட்டிருந்தது. எந்த வருடம் யார் குடித்தார்கள் என்று தெரிந்ததால்தான் குடும்பங்கள் வைத்தியமும் நியாயமும் கேட்க முடிந்தது.

அன்று இரவு என் மனைவியிடம் வேப்பமரத்தடிப் பள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்றே, இனி என்ன என்றும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த இடத்துல இப்ப என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

அங்கே இப்போது ஏழு மாடிக் கட்டடம் இருக்கிறது. லாண்டரி எண்பதுகளிலேயே மூடிவிட்டது. கீழே குழந்தைகள் விளையாடும் இடம், ஒரு போர்வெல்.

"கொட்டினது நீங்க. நீங்கதானே சொல்லணும்?" என்றாள்.

நம் நாட்டில்

நம் நாட்டில் இதற்கு வெகுகாலம் தனியாக ஒரு முறை இருக்கவில்லை. 2025 ஜூலையில்தான் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கான விதிகளை வெளியிட்டது. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ தாமாகவோ மக்கள் புகாரின் பேரிலோ பட்டியல் போட்டு அனுப்பவேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மண்ணையும் நீரையும் சோதித்து, இடம் கெட்டிருப்பது உறுதியானால் அறிவிக்கவேண்டும். கெடுத்தவர் செலவு ஏற்கவேண்டும். அவர் இல்லாவிட்டால் அல்லது அவரால் இயலாவிட்டால் மத்திய, மாநில அரசுகள் ஏற்கவேண்டும். அமெரிக்கச் சட்டத்தின் சாயல் தெரிகிறதல்லவா? நாற்பத்தைந்து வருடம் தாமதம் என்றாலும் வந்திருப்பது நல்லது.

ஆனால் ஒன்று. பெரிய ஆலை என்றால் ஊருக்கே தெரியும், காகிதங்களும் இருக்கும். மூடிப்போன ஒரு லாண்டரியின் பின்புறத்துப் பள்ளம் எந்தக் காகிதத்தில் இருக்கும்? கொட்டியவன் தலையில் மட்டும்தான் இருக்கும். அவன் போய்விட்டால் அதுவும் போயிற்று.

சென்ற குளிர்காலத்தில் நான் அந்தக் கட்டடத்துக்குப் போனேன். சொசைட்டி செயலாளர் ஒரு மராட்டிய இளைஞர். மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "காகா, இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு இதெல்லாம்? வெளியே தெரிஞ்சா ஃபிளாட் விலை என்ன ஆகும்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவர் வாங்கிய கடனுக்கு நான் தவணை கட்டப்போவதில்லை. "போர்வெல் தண்ணீரை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டேன். செடிக்கும் கக்கூஸுக்கும் என்றார். கொஞ்சம் யோசித்து, "மே மாசத்துல மாநகராட்சித் தண்ணீர் குறைஞ்சா குளிக்கவும் எடுப்போம்" என்றார். பிறகு அவராகவே, "என் பையனுக்கு நாலு வயசு" என்றார்.

இரண்டு வாரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குத் தண்ணீர் அனுப்பினோம். இதற்குச் சாதாரண பாட்டில் ஆகாது. சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் நிரப்பி, குளிர்ச்சியில் வைத்துக் கொண்டுபோகவேண்டும். இல்லாவிட்டால் பெர்க் ஆவியாகித் தப்பிவிடும். செலவில் பாதியை நான் கொடுத்தேன். அறிக்கை வந்தது. அவர்களுடைய கருவி அளக்கும் அளவில் பெர்க் இல்லை.

எனக்கு இறங்கிய பாரத்தைச் சொல்லி முடியாது. ஆனாலும் அறிக்கை கொடுத்த கெமிஸ்ட் அம்மாள் தெளிவாகச் சொன்னார்: இது ஒரு கிணறு, ஒரு நாள். பூமிக்குள் ஓட்டம் வேறு பக்கமாக இருக்கலாம். மழைக்காலம் கழிந்து இன்னொரு முறை பார்ப்பது நல்லது, தரைத்தள வீடுகளில் காற்றையும் சோதிக்கலாம். செயலாளர் அதற்கும் ஒப்புக்கொண்டிருக்கிறார். மெஷின் இருந்த இடம், கக்கூஸ் சுவர், வேப்பமரம், பள்ளம் எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்து படம் போட்டு, வருடங்களை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அது சொசைட்டி கோப்பில் இருக்கிறது. ஒரு பிரதியை மாநில வாரியத்துக்கும் அனுப்பியிருக்கிறேன்.

நம் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்

டிரைகிளீனிங்குக்கே துணி கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. கல்யாணப் பட்டு வீட்டில் துவைக்கும் பொருளா? ஆனால் கடையிலிருந்து வந்த புடவையைப் பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் வைக்காதீர்கள். உறையைக் கழற்றி ஒரு நாள் பால்கனியில் நிழலில் காற்றாட விடுங்கள். வாசனை பலமாக வந்தால் சரியாக உலரவில்லை என்று பொருள், திருப்பிக் கொடுங்கள். என்ன திரவத்தில் அலசுகிறீர்கள், கசடை எங்கே கொடுக்கிறீர்கள் என்று கடைக்காரரைக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவரும் யோசிப்பார்.

வீடு வாங்குகிறவர்கள், முன்பு அந்த இடத்தில் என்ன இருந்தது என்று அக்கம்பக்கத்து வயதானவர்களிடம் கேளுங்கள். பத்திரத்தில் சர்வே எண் இருக்கும், லாண்டரியும் சாயப்பட்டறையும் முலாம் பூசும் கடையும் இருக்காது.

கடைசியாக, என்னைப் போல இளம்வயதில் இந்த நகரத்துக்கு வந்து, கிடைத்த வேலையைச் செய்த அன்பர்களுக்கு. நம்மில் எத்தனையோ பேர் லாண்டரியிலும் பட்டறையிலும் தோல் கிடங்கிலும் கை கறுக்க உழைத்தவர்கள். முதலாளி சொன்ன இடத்தில் கொட்டினோம். தெரிந்து செய்த பாவம் இல்லை அது. இப்போது தெரிந்துவிட்டது. எந்தத் தெரு, எந்தச் சுவர், எந்த வருடம் என்பது ஞாபகம் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அங்கே இப்போது குடியிருப்பவர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். முதலில் கோபப்படுவார்கள், என்னிடமும் கோபப்பட்டார்கள். போன மாதம் மறுபடி போயிருந்தேன். செயலாளரின் பையன் கீழே பந்து விளையாடிக்கொண்டிருந்தான். "ஆஜோபா" என்று என்னைக் கூப்பிட்டுப் பந்தை எறிந்தான்.